கடிதத்துக்கு ஒரு பூட்டு

போஸ்ட் கார்டில் எழுதிய கடிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தபால்காரர் படிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் படிக்கலாம். அதனால்தான் கடன், நோய், குடும்பச் சண்டை இவற்றை யாரும் கார்டில் எழுதுவதில்லை. இன்லண்ட் லெட்டரில் எழுதி, ஒட்டி அனுப்புகிறோம்.

கம்ப்யூட்டர் வழியாகப் போகும் கடிதத்துக்கு ஈமெயில் என்று பெயர். அது தொடங்கிய காலத்தில் போஸ்ட் கார்டு மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது. வழியில் பல கம்ப்யூட்டர்களைத் தாண்டிப் போகும். அவற்றை நடத்துகிறவர்கள் நினைத்தால் அதைப் படித்துவிடலாம்.

இதற்கும் ஓர் ஒட்டிய கவர் வேண்டும் என்று அமெரிக்காவில் ஒருவர் நினைத்தார். அவர் பெயர் பில் ஜிம்மர்மன். கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற ஊரில் இருந்தார். அணு ஆயுதம் கூடாது என்று போராடியவர்களில் அவரும் ஒருவர்.

1991ஆம் ஆண்டு அமெரிக்க செனட் சபைக்கு ஒரு மசோதா வந்தது. ரகசியமாகச் செய்தி அனுப்பும் கருவிகளைச் செய்கிறவர்கள், அரசாங்கம் அந்தச் செய்தியைப் படிக்க வழி வைக்க வேண்டும் என்ற வாசகம் அதில் இருந்தது. அது சட்டமாவதற்குள் தன் வேலையை முடித்துவிட ஜிம்மர்மன் அவசரப்பட்டார். இரவும் பகலும் உழைத்தார். வீட்டுக் கடனுக்கு ஐந்து மாதத் தவணை கட்டவில்லை. கடைசியில் அந்த வாசகம் சட்டமாகவே இல்லை. ஆனால் ஜூன் மாதத்தில் அவருடைய மென்பொருள் வெளியாகிவிட்டது. மென்பொருள் என்றால் கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த கட்டளைகள். அதற்கு பிஜிபி என்று பெயர் வைத்தார். 'பரவாயில்லை என்று சொல்லத்தக்க ரகசியம்' என்பது போல அதற்குப் பொருள். அடக்கமான பெயர்தான். யாரிடமும் காசு வாங்காமல் அதைக் கொடுத்தார்.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது?

செல்வி என்று ஒரு பெண். அவள் நூறு பூட்டுகள் வாங்குகிறாள். எல்லாம் அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டுகள். நூறுக்கும் ஒரே சாவிதான். பூட்டுகளைத் திறந்தபடியே ஊரில் எல்லோருக்கும் கொடுக்கிறாள். சாவியை மட்டும் தன் இடுப்பில் முடிந்துகொள்கிறாள். செல்விக்குக் கடிதம் எழுதுகிறவர் அதை ஒரு பெட்டியில் வைப்பார். செல்வியின் பூட்டை அமுக்கிப் பூட்டுவார். பூட்டிய பிறகு அவராலேயே திறக்க முடியாது. செல்வி ஒருத்தியால்தான் முடியும்.

கம்ப்யூட்டரில் இரும்புப் பூட்டு இல்லை. எண்கள்தான் பூட்டு. 53ஐ 61ஆல் பெருக்கினால் 3233. இதை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் 3233 என்ற எண்ணை மட்டும் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டால்? உட்கார்ந்து வகுத்து வகுத்துப் பார்க்க வேண்டும். இன்று பூட்டுக்குப் பயன்படும் எண்களில் 600 இலக்கங்களுக்கு மேல் இருக்கின்றன. இன்றைய கம்ப்யூட்டர்களாலும் அவற்றைப் பிரித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தக் கணக்கை 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மன் என்ற மூன்று பேர் கண்டுபிடித்தார்கள். பொதுப் பூட்டு, தனிச் சாவி என்ற யோசனையை அதற்கு முந்தின ஆண்டே டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் எழுதியிருந்தார்கள்.

பிஜிபி நாடு விட்டு நாடு பரவியது. அங்கேதான் வந்தது வம்பு. அப்போது அமெரிக்கச் சட்டத்தில் பலமான ரகசிய எழுத்து முறைகள் ஆயுதப் பட்டியலில் இருந்தன. துப்பாக்கி, பீரங்கி மாதிரி அதையும் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. 1993இல் ஜிம்மர்மன் மீது விசாரணை தொடங்கியது. வழக்கு வந்து தோற்றால் சிறை. மூன்று ஆண்டுகள் அவர் இந்தப் பயத்தில் இருந்தார். 1996 ஜனவரியில் வழக்குப் போடாமலே விசாரணையைக் கைவிட்டார்கள்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை நடந்தது. 1995இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் பிஜிபியின் கட்டளைகள் முழுவதையும் புத்தகமாக அச்சிட்டது. புத்தகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இல்லை! அடுத்த பதிப்பும் 1997இல் இப்படித்தான் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, மறுபடியும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கம்ப்யூட்டரில் இருந்தால் ஆயுதம், தாளில் இருந்தால் புத்தகம். இந்தச் சட்டத்தை 2000ஆம் ஆண்டில்தான் பெரும்பாலும் தளர்த்தினார்கள்.

கட்டளைகளை ஏன் ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும்? கடையில் மசாலா பாக்கெட் வாங்குகிறோம். உள்ளே செங்கல் பொடி கலந்திருந்தாலும் நமக்குத் தெரியாது. இன்னொருவர் என்னென்ன சாமான், எவ்வளவு, எப்படி அரைப்பது என்று எழுதியே கொடுத்துவிடுகிறார். அதைப் படித்துப் பார்க்கலாம். தெரிந்தவரிடம் காட்டிக் கேட்கலாம். வீட்டிலேயே அரைக்கலாம். இப்படிச் செய்முறையைத் திறந்து வைத்து, மாற்றிக்கொள்ளவும் உரிமை தரும் மென்பொருளுக்குத் திறந்த மூல மென்பொருள் என்று பெயர். ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோச் என்பவர் குனு பிஜி என்ற பூட்டு மென்பொருளை இந்த முறையில் எழுதினார். அதன் முதல் முழுப் பதிப்பு 1999இல் வந்தது.

செய்முறை தெரிந்தால் திருடனுக்கும் தெரியுமே என்று கேட்கலாம். தெரியட்டும். பூட்டு செய்யும் விதம் தெரிந்தவன் கையில் செல்வியின் சாவி இல்லையே.

ஆனால் திறந்து வைத்தால் மட்டும் போதாது. யாராவது உண்மையில் படித்துப் பார்க்க வேண்டும். ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற திறந்த மென்பொருளை உலகம் முழுவதும் இணையதளங்கள் பயன்படுத்துகின்றன. அதில் ஓரிடத்தில் அளவைச் சரிபார்க்க மறந்துவிட்டார்கள். 2012இல் வந்த பதிப்பில் இருந்த அந்த ஓட்டை, 2014 ஏப்ரலில்தான் ஊருக்குத் தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் அது எல்லோர் கண் முன்னாலும் இருந்தது.

இனி, பூட்டை வீட்டுக்குக் கொண்டுவரும் வேலை. பெரும்பாலான ஏமாற்று இந்த இடத்தில்தான் நடக்கிறது. நல்ல பூட்டுதான், ஆனால் வழியில் ஒருவன் அதை எடுத்துவிட்டு, தன் மாற்றுச் சாவி போடும் பூட்டை வைத்துவிட்டால்?

2016 பிப்ரவரியில் இப்படி நடந்தது. லினக்ஸ் மிண்ட் என்பது பலர் பயன்படுத்தும் திறந்த மென்பொருள். அதன் இணையதளத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். மென்பொருளை இறக்கும் வழியை மாற்றி, திருட்டுக் கதவு வைத்த ஒரு நகலுக்குத் திருப்பிவிட்டார்கள். 20ஆம் தேதி அங்கிருந்து இறக்கியவர்களுக்கு அந்த நகல்தான் கிடைத்தது. பார்க்க அசல் போலவே இருந்தது.

இதற்கு ஒரு சோதனை உண்டு. மென்பொருள் முழுவதையும் ஒரு கணக்கில் போட்டால் எண்ணும் எழுத்துமாக 64 குறிகள் கொண்ட ஒரு வரிசை வரும். இது மென்பொருளின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் வரிசை முற்றிலும் வேறாகிவிடும். செய்தவர் சொன்ன வரிசையும் நம் கம்ப்யூட்டரில் வந்த வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் நாலு குறியைப் பார்த்துவிட்டு விட்டுவிடக்கூடாது.

திருடன் கெட்டிக்காரனாக இருந்தால் இணையதளத்தில் உள்ள வரிசையையும் மாற்றிவிடுவான். அதனால் இன்னொரு காவல் வேண்டும். அதுதான் கையெழுத்து. மென்பொருளைச் செய்தவர் தன் தனிச் சாவியால் அதில் ஒரு முத்திரை போடுகிறார். அவருடைய பொதுச் சாவி வைத்திருக்கும் யாரும் அந்த முத்திரை சரியா என்று பார்க்கலாம். அந்தப் பொதுச் சாவி அவருடையதுதானா? அதற்கும் ஒரு கைரேகை எண் உண்டு. அதை ஒரே இடத்தில் பார்க்காமல், வேறு இடங்களிலும் ஒத்துப் பார்க்க வேண்டும். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அதன் சொந்தக் கிடங்கிலிருந்து எடுத்தால் முத்திரைச் சோதனையைக் கம்ப்யூட்டரே செய்துவிடும். புதிதாகக் கற்றவர்களுக்கு அதுவே நல்ல வழி.

மொபைல் வைத்திருப்பவர்கள் இந்தப் பூட்டை ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். வாட்ஸ்அப்பில் போகும் செய்திகள் 2016 முதல் இந்த வகையில் பூட்டப்படுகின்றன. பூட்டும் முறையைச் செய்து கொடுத்தவர்கள் சிக்னல் என்ற திறந்த மென்பொருளைச் செய்தவர்கள். ஆனால் பூட்டிய வழியிலும் திருட்டுப் பொருள் வரும். கல்யாணப் பத்திரிகை, பேங்க் அறிவிப்பு என்ற பெயரில் ஏபிகே என்று முடியும் கோப்பு வந்தால் தொடக்கூடாது. அது பத்திரிகை அல்ல, ஒரு மென்பொருள். உள்ளே புகுந்து பேங்க் பணத்தை எடுக்கும். மொபைலில் இருக்கும் ஸ்டோரில் இருந்துதான் எதையும் இறக்க வேண்டும். அங்கேயும் செய்தவர் பெயரைப் படித்துவிட்டு இறக்க வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

குனு பிஜி மாதிரிப் பூட்டு வைத்திருப்பவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. தனிச் சாவி தொலைந்தால், வந்த கடிதங்களை யாராலும் திறக்க முடியாது. மென்பொருளைச் செய்தவராலும் முடியாது. அதனால் சாவியின் நகலை ஒரு பென் டிரைவில் எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். 'இந்தச் சாவி இனி செல்லாது' என்று அறிவிக்கும் ஒரு சான்றையும் குனு பிஜி எழுதிக் கொடுக்கும். அதை அச்சிட்டு, பத்திரம், ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.