வீக்கெண்டுக்கு பாண்டிச்சேரியா? அதற்கும் முன்பே மயிலாப்பூரில் இருந்த ஐரோப்பிய நகரம்!

சனி, ஞாயிறு சேர்ந்து லீவு கிடைத்தால் போதும், அடையாறிலிருந்தும் தி.நகரிலிருந்தும் கார்கள் ஈசிஆரில் பாண்டிச்சேரி பக்கம் திரும்பிவிடும். பழைய ஐரோப்பிய நகரம், கடற்கரை, நிதானமான நடை என்பதுதான் அந்த 150 கிலோமீட்டர் பயணத்தின் ஈர்ப்பு. ஆனால் பாண்டிச்சேரிக்கு முன்பே அப்படியொரு நகரம் மயிலாப்பூரில் இருந்தது. அதன் பெயர் சாந்தோம்.

ஸ்பெயின் மன்னருக்கும் சாந்தோமுக்கும் என்ன தொடர்பு?

16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியர்கள் இங்கே குடியேறினார்கள். புனித தோமையாரின் கல்லறை இருக்கும் இடம் என்ற நம்பிக்கையும் துணி வியாபாரமும் அவர்களை இழுத்து வந்தன. மதிலும் தேவாலயங்களும் கொண்ட ஊராக அது வளர்ந்தது. 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலையும் சேர்த்து ஆண்டவர் ஸ்பெயின் மன்னர். ஆக, 1606-ல் சாந்தோம் தனி மறைமாவட்டமானபோது, மயிலாப்பூர் கடற்கரையின் ஒரு பகுதி மாட்ரிட்டின் கைக்குள் இருந்தது!

அந்த நகரம் எங்கே போச்சு?

1639-ல் ஆங்கிலேயர்கள் கொஞ்சம் வடக்கே இடம் வாங்கி, ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். 1662-ல் சாந்தோம் கோல்கொண்டா சுல்தான் வசமானது. 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். கோல்கொண்டா படை நிலத்தில், டச்சுக்காரர்கள் கடலில் என இரண்டு பக்கமும் நெருக்கியதில் 1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். பின்னர் மதில்களும் இடிக்கப்பட்டன. சாந்தோமை இழந்த பிரெஞ்சுக்காரர்களுக்குப் புகலிடமானது, அதே 1674-ல் பிரான்சுவா மார்த்தேன் கால் பதித்த பாண்டிச்சேரி. சாந்தோம் கைவிட்டுப் போயிருக்காவிட்டால், இன்றைய வீக்கெண்ட் டிராஃபிக் ஒருவேளை வேறு திசையில் போயிருக்கும்.

இப்போது பார்க்க என்ன இருக்கு?

நேர்மையாகச் சொன்னால், கட்டடமாக மிஞ்சியது குறைவு. சாந்தோம் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரம் போர்ச்சுகீசியர் கட்டியதல்ல. பழைய தேவாலயத்தை இடித்துவிட்டு 1896-ல் கட்டி முடித்தது. போர்ச்சுகீசிய காலத்தை நேரில் பார்க்க லஸ் சர்ச்சுக்குத்தான் போக வேண்டும். அங்குள்ள கல்வெட்டு 1516 என்ற ஆண்டைச் சொல்கிறது. ஒரு காலத்தில் சுற்றிலும் காடாக இருந்ததால் உள்ளூர்க்காரர்களுக்கு அது 'காட்டுக் கோயில்'. 'லஸ்' என்றால் போர்ச்சுகீசிய மொழியில் ஒளி. (வீட்டு ஜன்னல், சாவி, அலமாரி எல்லாமே அங்கிருந்து வந்த சொற்கள்தான்.)

இந்தக் கதைக்கு வலிக்கும் பக்கமும் உண்டு. கபாலீசுவரர் கோயில் முன்பு கடலையொட்டி இருந்தது, போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தது, இன்றைய கோயில் பிறகு உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது என்பது வரலாற்று ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சாந்தோம் பேராலய வளாகத்திலேயே சோழர் காலக் கல்வெட்டுத் துண்டு கிடைத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு கோயில் குளக்கரையில் நின்றால், கடலுக்கும் குளத்துக்கும் இடையிலுள்ள அந்த ஒன்றரை கிலோமீட்டர் வேறு மாதிரி தெரியும்.

எப்படிச் சுற்றலாம்?

அவசரம் வேண்டாம். கோயில் மதியம் நடை சாத்திவிடும் என்பதால் காலையில் அங்கே தொடங்குவது நல்லது. மாட வீதியில் டிபன், காபி. பிறகு லஸ் சர்ச். கார் வேண்டாம்; லஸ் கார்னரில் மெட்ரோ வேலை நடக்கிறது, பார்க்கிங் கிடைப்பது கஷ்டம். பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் எல்லாம் நடக்கிற தூரம்தான்.

வெயில் தாழ்ந்ததும் சாந்தோம் பேராலயம். அதன் பின்னால் கடலை நோக்கி நடந்தால் லூப் ரோடு, நொச்சிக்குப்பம். சாலையோர மீன் கடைகளை அகற்றியதை எதிர்த்து 2023-ல் இங்குள்ள மீனவர்கள் போராடினார்கள். 2024-ல் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. ஆனாலும் கடற்கரையில் யாருக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வி இங்கே ஓயவில்லை. வஞ்சிரமோ சங்கராவோ வாங்குவதாக இருந்தால் பை கொண்டுபோங்க.