பெட்டிக்குள் ஒரு காற்றோட்டம்

ஒரு கோடையில் எங்கள் ஆய்வுக்கூடக் கணிப்பொறி ஒன்று, இயக்கிய அரை மணியில் தானே நின்றுவிடும். பெட்டியைத் திறந்தோம். வெப்பக் காற்றை வெளியேற்ற வேண்டிய பின்புற விசிறி திருப்பிப் பொருத்தப்பட்டிருந்தது! முன்விசிறியும் பின்விசிறியும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தன.

விசிறிக்கு அத்தனை வேலையா? கணக்கிட்டுப் பாருங்கள். கணிப்பொறி 240 வாட் திறன் பெற்றால், ஏறத்தாழ அவ்வளவும் வெப்பமாகிறது. அதாவது நொடிக்கு 240 ஜூல். ஒரு கன மீட்டர் காற்றை 10° செ. சூடாக்கச் சுமார் 12,000 ஜூல் வேண்டும். ஆகவே காற்றின் வெப்பநிலை 10° செ.க்கு மேல் உயராதிருக்க, நொடிக்கு 20 லிட்டர் காற்று உள்ளே புகுந்து வெளியேற வேண்டும். ஒரு பெரிய தண்ணீர்க் கேன் அளவு, ஒவ்வொரு நொடியும்!

எனவே குளிர்காற்று முன்புறம் நுழைந்து, பின்புறமும் மேற்புறமும் வெளியேறுவதே நல்ல அமைப்பு.

மின்வழங்கியையும் கவனியுங்கள். ஏ.டி.எக்ஸ். வகையில் அகலம் 150 மி.மீ., உயரம் 86 மி.மீ.; நீளம் மட்டும் மாறுபடும். அளவுக்கு மீறி நீண்டதைத் திணித்தால், கம்பிகள் நெருங்கிக் காற்றின் வழியை அடைக்கும். அது பெட்டியின் அடியில் இருந்து, அங்கே துளைகளும் இருந்தால், அதன் விசிறி கீழ்நோக்கி இருக்கலாம்; துளை இல்லையேல் மேல்நோக்கியே இருக்க வேண்டும்.

பெட்டியைத் திறக்காமலே சோதிக்கலாம். மெல்லிய காகிதத் துண்டை விசிறித் துளைகளுக்கு வெளியே பிடியுங்கள். முன்னே ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்னே படபடக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: மின்வழங்கியை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் எஞ்சியிருக்கக்கூடும்!