நூற்றிருபது வண்ணங்களும் ஒரு வெள்ளைத் தாளும்

போன ஆண்டு மகளின் பிறந்தநாளுக்கு 120 வண்ணப் பேனாக்கள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கித் தந்தோம். தொடக்கநிலை மூன்றில் படிக்கிறாள். அதுவரை அவளிடம் இருந்தவை 12 மெழுகு வண்ணக் குச்சிகள். அவற்றிலும் பாதி உடைந்தவை. அவற்றை வைத்துக்கொண்டே மின்கட்டணக் கடிதத்தின் பின்பக்கத்தைக்கூட விட்டுவைக்காமல் வரைந்து தள்ளியவள். புதுப் பெட்டி வந்ததும் எங்கள் வீவக வீடு ஓவியக்கூடமாகிவிடும் என்று நினைத்தேன்.

நடந்தது வேறு. முதல் நாள் பேனாக்களை நிறவாரியாக அடுக்கினாள். மறுநாள் நீலத்தில் மட்டும் 14 வகை இருப்பதாகக் கணக்குச் சொன்னாள். கடல் வரைய எந்த நீலம் சரி என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். மூன்றாவது வாரம் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. சரி, காலத்துக்கு ஏற்றபடி செய்வோம் என்று கைக்கணினியில் ஓவியச் செயலி ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். அதில் வண்ணங்களுக்கு எல்லையே இல்லை.

“உனக்கு என்ன பிடிக்குதோ அத வரை கண்ணு” என்றேன்.

“என்ன வரையறதுன்னே தெரியலம்மா” என்றாள்.

பெரியவர்களுக்கும் இந்தப் பதில் புதிதல்ல. நாளைக் காலைக் கூட்டத்துக்குப் பத்துப் பக்கம் தயாரிக்க உட்கார்ந்து, எந்த வடிவமைப்பு, எந்த எழுத்துரு என்று பார்ப்பதிலேயே இரண்டு மணி நேரத்தைத் தொலைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! சொல்ல வேண்டிய விஷயத்துக்கு ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டோம்.

அதிகத் தெரிவுகள் நம்மை முடக்கிவிடுமா என்று ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்னும் உளவியலாளர்கள் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதில் வரும் ஜாம் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்கள் அதிகம், வாங்கியவர்கள் குறைவு. 6 வகை வைத்தபோது வாங்கியவர்கள் பல மடங்கு கூடினர். ஆனால் எனக்கு ஜாமைவிட அதே கட்டுரையில் உள்ள இன்னொரு சோதனைதான் முக்கியமாகப் பட்டது. ஸ்டேன்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு திரைப்படத்தைப் பார்த்தபின் விரும்பினால் இரண்டு பக்கக் கட்டுரை எழுதித் தரலாம், கூடுதல் மதிப்பெண் உண்டு என்று அறிவிக்கப்பட்டது. ஒரு பிரிவுக்கு 6 தலைப்புகள், மற்றொரு பிரிவுக்கு 30. ஆறு தலைப்புகள் பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் எழுதினர். முப்பது பெற்றவர்களில் 60 விழுக்காட்டினர்தான் எழுதினர். எழுதியவற்றின் தரமும் ஆறு தலைப்புப் பிரிவில்தான் சற்று மேலாக இருந்தது.

இதைக் கேட்டதும் தெரிவுகளே கெடுதல் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பத்து ஆண்டுகள் கழித்து, இத்தகைய 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த வேறு ஆய்வாளர்கள், சராசரியாகப் பார்த்தால் அதிகத் தெரிவால் விளையும் பாதிப்பு ஏறக்குறைய இல்லை என்றே கண்டனர். சில இடங்களில் முடக்குகிறது, சில இடங்களில் உதவுகிறது. இடம் எது, ஆள் யார் என்பதைப் பொறுத்தது.

எங்கள் வீட்டில் இதற்கு விடை தீபாவளிக்கு முந்திய வாரம் கிடைத்தது. அம்மா வந்திருந்தார். வாசலில் உட்கார்ந்து, அரிசி மாவில் புள்ளி வைத்துக் காட்டினார். நடுவில் ஏழு, இரு பக்கமும் இடுக்குப் புள்ளியாக ஆறு, ஐந்து, நான்கு. மொத்தம் 37 புள்ளிகள்.

“கோடு புள்ளியத் தொடக் கூடாது. சுத்தி வளைச்சுப் போகணும். ஆரம்பிச்ச எடத்துக்கே வந்து சேரணும். ஒரு புள்ளியையும் விடக் கூடாது. மத்ததெல்லாம் உன் இஷ்டம்டா” என்றார்.

கையில் ஒரே வண்ணம், வெள்ளை. விதிகளோ மூன்று. மகள் அன்று இரவு உணவுக்குக்கூட எழவில்லை. தாளில் புள்ளி வைத்து, அழித்து, மறுபடி வைத்து, ஒன்பது சிக்குக் கோலங்கள் போட்டுவிட்டாள். அவற்றில் ஒன்று ஆமை மாதிரி இருந்தது. பாட்டிக்கே அது தெரியாத கோலம்.

தமிழுக்கு இது பழகிய வழிதான். ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம் புலவர்களுக்கு வைக்கப்பட்ட சோதனை. அதில் பேர்போன காளமேகம், தகர வரிசை எழுத்துகளை மட்டும் வைத்தே ஒரு வெண்பா பாடியிருக்கிறார். ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் டாக்டர் சூஸின் ‘கிரீன் எக்ஸ் அண்ட் ஹேம்’ 1960ல் வந்தது. ஐம்பதே சொற்களில் ஒரு கதை எழுத முடியாது என்று அவருடைய பதிப்பாளர் பந்தயம் கட்டியதால் பிறந்த புத்தகம் அது. அதில் உள்ள வெவ்வேறு சொற்கள் சரியாக 50.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் செய்ததுதான் அபத்தம். கட்டுப்பாடு நல்லது என்றால் இன்னும் கொஞ்சம் கட்டுப்படுத்துவோமே! சனிக்கிழமைகளில் ஒரு சீட்டு எழுதி மேசையில் வைக்க ஆரம்பித்தேன். ‘இன்று பச்சை, மஞ்சள் மட்டும். தலைப்பு: பூங்கா.’ முதல் வாரம் வரைந்தாள். இரண்டாவது வாரம் ஒரு மரம் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். மூன்றாவது வாரம், “இது டியூஷன் மாதிரி இருக்குமா” என்றாள். அந்தச் சொல் சுட்டது.

எங்கே தவறினேன் என்று யோசித்தபோது 1984ல் வெளிவந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. தெரெசா அமாபிலி, ஜூடித் கிட்டோமர் இருவரும் சின்னஞ்சிறு பிள்ளைகளை ஒட்டுப்படம் செய்யச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் தங்களுக்கு வேண்டிய பொருள்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தனர். மற்றவர்களுக்கு ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தனர். தாங்களே தேர்ந்தெடுத்தவர்களின் படங்களில்தான் படைப்பாற்றல் அதிகம் இருந்தது.

அம்மாவின் மூன்று விதிகள் கோடு எப்படிப் போக வேண்டும் என்பதைச் சொன்னதோடு சரி. எங்கே போக வேண்டும், என்ன உருவமாக வேண்டும் என்பது மகள் கையில் இருந்தது. என் சீட்டோ வண்ணம், தலைப்பு இரண்டையும் நானே முடிவுசெய்து, வரையும் வேலையை மட்டும் அவளுக்கு விட்டுவைத்தது. வேலி இரண்டிலும் உண்டு. என் வேலிக்குள் விளையாட இடம் இல்லை.

துணைப்பாட வகுப்பு, நடன வகுப்பு, நீச்சல் என்று பிள்ளைகளின் வாரத்தை நாமே நிரப்பிவிடுகிறோம். மிஞ்சும் ஒரு மணி நேரத்தில், கைப்பேசியோடு சேர்த்து உலகத்தையே கையில் கொடுத்து, உன் விருப்பம் போல இரு என்கிறோம். ஒரு பக்கம் தெரிவே இல்லை, மறுபக்கம் தெரிவுக்கு முடிவே இல்லை. ஆறு தலைப்புகளில் ஒன்றைத் தானே எடுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு எப்போது கிடைக்கிறது?

சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து, காலியான பிஸ்கட் டின் ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன். அதில் ஐந்து பேனாக்கள்தான் கொள்ளும். எந்த ஐந்து என்பதை வாரத்துக்கு ஒரு முறை அவளே மாற்றிக்கொள்ளலாம்.

போன வாரம் டின்னில் நீலமே இல்லை. அவள் வரைந்த கடல் ஊதாவாக இருந்தது. அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஆமை.