வார்சாவிலிருந்து கடலைப் பார்ப்பவர்கள்

லாரியின் எஞ்சினை அணைத்து, ஓட்டுநரை இறங்கச் சொல்லிவிட்டு, சேசிஸில் சில சிறு உணரிகளை ஒட்டுகிறார்கள். சரக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருப்பவர் மூச்சைக்கூடச் சற்று நேரம் அடக்கலாம். இதயத்தை அடக்க முடியாதே! அது ரத்தத்தைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் உடம்பு துளியளவு அதிர்கிறது. அந்த அதிர்வு மூட்டை, பலகை, இரும்பு என்று பரவி வண்டியையே அசைக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த அசைவைக் கணினி பிரித்தறிந்து, உள்ளே ஆள் இருப்பதைச் சொல்லிவிடும். ஒரு மூட்டையைக்கூட இறக்க வேண்டியதில்லை. பலத்த காற்று வண்டியை ஆட்டும் நாளில் மட்டும் கருவி திணறும்.

ஐரோப்பாவின் எல்லைச் சாவடிகள் பலவற்றில் இந்தக் கருவி உண்டு. பல்கேரியாவில் நுழைந்த வண்டிக்கு அதன்பின் பிரான்ஸ் வரை வழக்கமான பாஸ்போர்ட் சோதனை கிடையாது. (சில நாடுகள் அவ்வப்போது தற்காலிகச் சோதனை வைப்பது தனிக்கதை.) தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை விலக்கும் ஷெங்கன் ஒப்பந்தத்தில் 1985-இல் 5 நாடுகள் கையெழுத்திட்டன, இன்று அந்த வட்டத்தில் 29 நாடுகள். ஒரு வாசலில் காவல் தளர்ந்தால் அத்தனை நாடுகளுக்கும் தலைவலி. அதனால்தான் 2004-இல் ஃபிரன்டெக்ஸ் என்ற பொது எல்லை அமைப்பை உருவாக்கினார்கள். தலைமையகம் போலந்தின் வார்சா.

நிலத்தைவிடக் கடல்தான் கடினம். சுமார் 700 கி.மீ. உயரத்தில் சுற்றும் சென்டினல்-1 செயற்கைக்கோள்கள் ரேடார் அலைகளை அனுப்புகின்றன. இரவும் மேகமும் அவற்றுக்குத் தடையல்ல. அமைதியான கடற்பரப்பு அந்த அலைகளை வேறு திசையில் சிதறவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். கப்பலின் இரும்புச் சுவர்களும் மூலைகளும் அலையை வந்த வழியே திருப்பி அனுப்ப, கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். ஆனால் அகதிகள் ஏறிவருவது பெரும்பாலும் மரப்படகிலும் ரப்பர் படகிலும். அவை ரேடாரில் மங்கலாகவே தெரியும், சில நேரம் தெரியாமலும் போகும். எனவே வெப்பக் கேமரா பொருத்திய விமானங்களும் ட்ரோன்களும் தேவைப்படுகின்றன.

2023 பிப்ரவரி 25 இரவு, ஃபிரன்டெக்ஸின் அப்படியொரு விமானம் இத்தாலியின் கலாப்ரியா கரையை நோக்கி வந்த படகைக் கண்டது. மேல்தளத்தில் ஒருவர்தான் தெரிந்தார். கீழ்த்தளத் திறப்புகளில் வெப்பம் பதிவானது. அங்கே ஆட்கள் இருக்கக்கூடும் என்பதற்கு அது அடையாளம். தகவல் இத்தாலிக்குப் போனது. அந்நாட்டு நிதிக் காவல்படையின் ரோந்துப் படகுகள் கிளம்பி, மோசமான வானிலையால் திரும்பின. விடிவதற்குள் குத்ரோ கரையருகே படகு நொறுங்கி, 90-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

இங்கே கருவியைக் குறைசொல்ல முடியாது. அது தன் வேலையைச் செய்தது. பார்த்ததை யார் ஆபத்து என்று அறிவிப்பது, யார் கப்பலை அனுப்புவது என்பதில்தான் ஓட்டை. 2027-க்குள் ஃபிரன்டெக்ஸின் நிரந்தரப் படையை 10,000 பேராக உயர்த்துவது திட்டம். ஆள்பலம் கூடினாலும் கடலில் மீட்புக்கு ஆணையிடும் பொறுப்பு அந்தந்தக் கடலோர நாட்டிடமே இருக்கிறது.