எய்ட்ஸ் தடுப்பில் சமுதாயத்தின் பங்கு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டில் சென்னையில் கண்டறியப்பட்டது. நோயைவிட அதனைச் சூழ்ந்த அச்சமும் இழிவுணர்வுமே பலரைச் சிகிச்சையினின்று விலக்கி வைத்தன. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் நிறுவப்பட்டது. எனினும், கணவர்வழித் தொற்றுற்று, புகுந்த வீட்டாரால் புறக்கணிக்கப்பட்ட பெண்களின் குறைகள் எளிதில் வெளிவரவில்லை.

1998இல் தொற்றுற்ற பெண்களே சென்னையில் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். ஒருவருக்கொருவர் ஆலோசனை கூறுதலும், சிகிச்சையும் உரிமைகளும் கோருதலும் அதன் பணிகளாயின.

2004 ஏப்ரலில் சில அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. வேலை, கல்வி, சிகிச்சை ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடைசெய்யும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. மருந்தை அரசு வழங்கலாம். அதனைப் பெற அஞ்சாது முன்வரும் சூழலைச் சமுதாயமே உருவாக்க இயலும்.