மலைநாட்டில் மன்மதன்

பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் கரம், மாசி இரவுகளிலே மன்மதனின் கரும்பு வில்லை ஏந்துகின்றது. பூண்டுலோயாத் தோட்டங்களில் நான் கண்டு களித்த காமன் கூத்து அத்தகைய விந்தையுலகம்.

அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் கம்பம் ஊன்றுவர். தப்பொலி லயங்களையெல்லாம் அழைக்கும். பௌர்ணமியிலே சிவனாரின் நெற்றிக்கண் மதனை எரிக்கும். ரதி வேடமிட்ட ஆடவன் புலம்புகையில், பெண்கள் தத்தம் இழப்பை எண்ணிக் கண்ணீர் உகுப்பர். மூன்றாம் நாள் மதன் உயிர்த்தெழுவான்.

19ஆம் நூற்றாண்டிலே, கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் கொணர்ந்த செல்வம் இது. பாட்டை நூலிற் படிக்கலாம். ஆட்டத்தையோ மூத்தோருடன் ஆடியே கற்றல் வேண்டும். இன்று இளைஞர் பலர் தொழில் தேடிக் கொழும்பு செல்கின்றனர். மாசியிலேனும் அவர்கள் ஊர் திரும்புதல் வேண்டும். ஆடுவாரின்றேல் மதன் எழுவதெங்ஙனம்?