துணிக்குழாய்க்குள் ஊர்ந்து வரும் உயிரணுக்கள்

நெசவூரான செவிலிமேட்டின் தறிகளில் ஏறுவது பட்டுப்புழு நூற்ற இழை. அறுவை மருத்துவர்களும் அதே இழையால் வெகுகாலமாகத் தைத்து வருகிறார்கள். அப்படி ஒரு தையல்தான் செயற்கை ரத்தக்குழாய்க்கு வழி திறந்தது. 1947இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர், ஒரு நாயின் இதய அறைக்குள் இடம் தவறி விழுந்திருந்த பட்டுத் தையலைச் சில மாதங்கள் கழித்துப் பார்த்தார். அதைப் பளபளப்பான மெல்லிய படலம் மூடியிருந்தது, ரத்தக்கட்டி இல்லை. துணியையே குழாயாக்கினால்? 1952இல் அவரது குழு அதைச் செய்துகாட்டியது. ஹூஸ்டனில் மைக்கேல் டெபேக்கி, மனைவியின் தையல் எந்திரத்தில் டேக்ரான் என்ற செயற்கை இழைத் துணியைக் குழாயாகத் தைத்தார்.

பாவும் ஊடையும் நெருக்கமாக விழுந்த குழாயில் ரத்தம் கசியாது. ஆனால் திசு நுழையவும் இடமிருக்காது. பின்னலாடைபோல் பின்னிய குழாய் கசியும், ஆனால் திசு நன்றாகப் பற்றும். இந்த இழுபறி ஒரு நெசவாளருக்கு உடனே புரிந்துவிடும்.

நம் ரத்தக்குழாயின் உட்புறத்தை எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்கு உயிரணுக்கள் மூடியிருக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துவதும், தட்டணுக்களை ஒட்டவிடாமல் தடுப்பதும் இவைதான். துணிக்குழாயைப் பொருத்தியதும் முதலில் அதில் படிவது ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற புரத இழை. பிறகு இரு முனைத் தையல்களிலிருந்தும் எண்டோதீலிய அணுக்கள் மெல்ல ஊர்ந்து வருகின்றன. மனிதரிடம் இந்தப் பயணம் பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டரிலேயே நின்றுவிடுகிறது. நடுப்பகுதி ஆண்டுக்கணக்கில் வெறும் ஃபைப்ரின் போர்வையோடு இருக்கும். அகன்ற மகாதமனியில் இதனால் பாதகமில்லை. 6 மில்லிமீட்டருக்கும் குறுகிய குழாய் எளிதில் அடைத்துக்கொள்ளும்.

அதனால்தான் இதயத் தமனியின் அடைப்பைத் தாண்டி மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவையில் நோயாளியின் சொந்தக் குழாயையே, அதாவது கால் சிரையையோ மார்புத் தமனியையோ, எடுக்கிறார்கள். இந்தியாவில் இந்த அறுவையை 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் முதன்முதலில் செய்தார். கால் சிரையை எடுக்கும்போதும், கசிவு பார்க்க அழுத்தி நீர் செலுத்தும்போதும் அதன் உட்படலம் உரிகிறது. தப்பிய அணுக்கள் பெருகிச் சில வாரங்களில் அதை மூடிவிடும். அதற்குள் சுவரின் தசை அணுக்கள் உள்ளே நகர்ந்து உட்புறம் தடித்துவிட்டால் வழி குறுகும். மார்புத் தமனி பத்தாண்டுக்குப் பிறகும் பத்தில் ஒன்பது பேரிடம் திறந்தே இருக்கிறது. கால் சிரை ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான்.

ஆகவே சிரையைச் சுற்றியுள்ள கொழுப்போடு, விரிக்காமல் பக்குவமாக எடுக்கும் முறையைச் சில மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். எனக்கு அவர்கள் கட்சியே சரியாகப் படுகிறது. வீடு திரும்பிய பின் மருத்துவர் சொன்னபடி ஆஸ்பிரின் எடுப்பதும், பீடி சிகரெட்டை அடியோடு விடுவதும் அந்த ஒற்றை அடுக்குக்கு நாம் செய்யக்கூடிய உதவி.